எண் போட்டால் கணக்குக் காட்ட வேண்டும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் திரைப்படத்தைப் பற்றி எழுதலாமா என்று சிலர் வினவக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது எனது தாழ்மையான கருத்து. நம் பிள்ளைகள் பள்ளி நேரத்தில் நம்மிடம் தமிழ் கேட்கிறார்கள். எஞ்சிய நேரத்தில் அவர்கள் காதில் விழும் தமிழில் பெரும்பகுதி திரைத்தமிழாகவே இருக்கிறது. ஒரு கதை எப்படித் தொடங்கும், எப்படி முடியும், முடிந்த கதையை மீண்டும் எடுத்துப் பேசலாமா என்பனவற்றையெல்லாம் அவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் இடமும் திரைதான். ஆகவே, திரைக்கதையில் நிகழும் ஒரு மாற்றம் நம் வகுப்பறைக்குள்ளும் வந்து சேர்கிறது.

அம்மாற்றம் யாது? படப் பெயருக்குப் பின்னால் எண் போடும் வழக்கம்தான். சிங்கம் 2010, 2013, 2017 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்தது. அரண்மனை 2014 தொடங்கி 2024 வரை நான்கு முறை வந்தது. எந்திரன் (2010) எட்டாண்டு கழித்து 2.0 ஆனது. சந்திரமுகி (2005) பதினெட்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தாள். இந்தியன் (1996) இருபத்தெட்டு ஆண்டு கழித்து வந்தார். இன்னொரு பக்கம், பழைய படத்தின் பெயரையும் கதையையும் எடுத்துக்கொண்டு முதலிலிருந்தே புதிதாகச் சொல்லும் வழக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் இதனை ‘ரீபூட்’ என்பார்கள். நாம் ‘மறுதொடக்கம்’ என்று கூறலாம்.

ஒரு கதை மக்கள் மனத்தில் இடம்பிடித்துவிட்டால், அதை விட்ட இடத்திலிருந்து தொடர்வது நன்றா? அல்லது பழையதை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நன்றா? இதுவே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

நன்னூல் காட்டும் அளவுகோல்

இவ்வினா நமக்குப் புதியதன்று. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுத்தார். வழிநூலுக்கு அவர் கூறும் இலக்கணத்தின் சாரம் இது: முன்னோர் நூலின் முடிபோடு அது ஒத்திருக்க வேண்டும், பின்வந்தவர் தமக்கு வேண்டிய வேறுபாடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆயினும் மரபு அழியக் கூடாது. அவர் கதை நூல்களை மனத்தில் கொண்டு இதைச் சொல்லவில்லை எனினும், இதைவிடத் தெளிவான அளவுகோலைத் திரைக்கதைக்கும் நான் கண்டதில்லை.

இவ்வளவுகோலின்படி பின்வருபவருக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. எவ்வளவு உரிமை எடுத்துக்கொள்கிறாரோ அதற்கேற்ப அவர் தம் நூலுக்குப் பெயரிட வேண்டும். ‘இது புதிதாகச் சொல்லப்பட்ட கதை’ என்று அறிவித்தவருக்கு உரிமை மிகுதி. ‘இது அதன் தொடர்ச்சி’ என்று அறிவித்தவருக்குக் கடமை மிகுதி. முதல் பாகத்தில் இறந்தவர் இறந்தவரே. கடந்த ஆண்டுகள் கடந்தவையே. பட்ட காயம் வடுவாகவேனும் இருக்க வேண்டும். எண் போட்டால் கணக்குக் காட்ட வேண்டும். இதுவே நான் கூற விரும்புவது.

கோலாலம்பூரில் நிகழ்ந்த இரு மறுதொடக்கங்கள்

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே உள்ளது. 1978இல் சலீம்–ஜாவேத் எழுத்தில், சந்திரா பரோட் இயக்கத்தில், அமிதாப் பச்சன் நடித்த ‘டான்’ என்னும் இந்திப் படம் வந்தது. குற்றக் கும்பலின் தலைவன் ஒருவன் இறந்துபோகிறான். அவனைப் போலவே உருவமுடைய எளியவன் ஒருவனைக் காவல் அதிகாரி அக்கும்பலுக்குள் அனுப்புகிறார். அவ்வுண்மையை அறிந்த அதிகாரியும் இறந்துவிட, எளியவன் நடுவில் மாட்டிக்கொள்கிறான். இக்கதையே 1980இல் ஆர். கிருஷ்ணமூர்த்தி இயக்கத்தில், ரஜினிகாந்த் நடிப்பில் ‘பில்லா’ ஆயிற்று.

ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து இக்கதை மீண்டும் எடுக்கப்பட்டபோது, அது மலேசியாவுக்கு வந்தது. 2006இல் பர்ஹான் அக்தர் இயக்கிய ‘டான்’ கோலாலம்பூரிலும் லங்காவியிலும் படமாக்கப்பட்டது. 2007 டிசம்பரில் விஷ்ணுவர்தன் இயக்கத்தில் அஜித் நடித்து வெளிவந்த ‘பில்லா’வும் மலேசியாவையே களமாகக் கொண்டது. பத்துமலை முருகன் சிலையடியில் ஆடிப்பாடும் காட்சியைத் திரையில் கண்ட நம் பிள்ளைகள், ‘இது நம்ம பத்துமலை’ என்று பூரித்துப் போனார்கள். 2009இல் தெலுங்கு ‘பில்லா’வும் இங்கேயே வந்து எடுக்கப்பட்டது.

தமிழ் ‘பில்லா’ செய்தது நேர்மையான மறுதொடக்கம். 1980இல் வந்தவனின் மகன் இவன் என்றோ, அவனே தப்பிப் பிழைத்து வந்துவிட்டான் என்றோ அது சொல்லவில்லை. பழைய கதையை எடுத்து, ஊரையும் உடையையும் இசையையும் மாற்றி, முடிபை மட்டும் காத்தது. பில்லா பாதிப் படத்திற்குள் இறந்துவிடுகிறான், இறந்தவனாகவே இருக்கிறான். ரஜினி படம் தாத்தா பாட்டிக்கு, அஜித் படம் பேரனுக்கு என்று இரண்டும் ஒரே வீட்டில் பகையின்றி வாழ்கின்றன. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. நன்னூலார் கூறிய வழிநூல் இலக்கணம் இதற்குப் பெரிதும் பொருந்துகிறது.

இந்தி ‘டான்’ வேறு வழியில் சென்றது. கதையின் இறுதியில் அது ஒரு திருப்பத்தை வைத்தது. நாம் எளியவன் என்று நம்பிக்கொண்டிருந்தவன் உண்மையில் டானே என்று அது முடிந்தது. முதல்நூலின் முடிபையே மாற்றிய துணிவு அது. ஆனால் மாற்றியவர் அதற்கான பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். 2011இல் வந்த ‘டான் 2’, முதல் பாகத்தின் விளைவுகளிலிருந்தே தொடங்குகிறது. ஏமாற்றப்பட்ட ரோமா இப்போது இன்டர்போல் அதிகாரியாக இருக்கிறாள். முதல் பாகத்தில் பிடிபட்ட வர்தான் மலேசியச் சிறையில் இருக்கிறான். டானும் வந்து அதே சிறையில் நுழைகிறான். படத்தின் ஒழுக்கத்தை நான் பாராட்டவில்லை; குற்றவாளியை நாயகனாக்கும் கதை பிள்ளைகளுக்கு உரியதன்று. ஆயினும் கதைக்கணக்கு என்ற அளவில் அது எண்ணுக்கு உரிய கடனைச் செலுத்தியது.

தமிழ் ‘பில்லா’வுக்குத் தொடர்ச்சி வேண்டும் என்று வணிகம் கேட்டபோது சிக்கல் எழுந்தது. பில்லாதான் இறந்துவிட்டானே! எனவே, 2012 ஜூலையில் சக்ரி டோலெட்டி இயக்கத்தில் ‘பில்லா 2’ முற்கதையாக வந்தது. டேவிட் பில்லா இலங்கையிலிருந்து படகேறித் தமிழகம் வந்த ஏதிலி என்று அது கூறியது.

இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஈழத்து ஏதிலி என்பது ஒரு பாத்திரத்துக்குப் போகிற போக்கில் மாட்டிவிடும் சட்டையன்று. வீட்டையும் உற்றாரையும் இழந்து கடல் கடந்தவரின் துயரம் அது. 2009இன் பேரழிவு நிகழ்ந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அத்தகைய கடந்த காலத்தை ஒருவனுக்கு அளித்தால், அவனுடைய பிற்காலத்தில் அதன் சுவடு தெரிய வேண்டும். ஆனால் பிற்காலமோ 2007லேயே எடுக்கப்பட்டுவிட்டது. அப்படத்தில் கோலாலம்பூரில் கறுப்புக் கண்ணாடியோடு நடந்துவரும் பில்லாவிடம் அந்தக் கடலும் இல்லை; அந்த மண்ணும் இல்லை. முன்னே நிகழ்ந்ததாகப் பின்னே எழுதப்பட்ட துயரம், கதையில் எங்கும் ஒட்டாமல் நிற்கிறது. எண் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்தியன் தாத்தாவின் வயது

ஏதிலியின் துயரம் போலவே, ஒரு பாத்திரத்தின் வயதும் வெளியுலக வரலாற்றோடு பிணைந்திருக்கக்கூடும். மலேசியத் தமிழர்களாகிய நமக்கு இது மிகவும் நெருக்கமானது.

1996இல் ஷங்கர் இயக்கி, கமல்ஹாசன் நடித்த ‘இந்தியன்’ படத்தின் நாயகர் சேனாபதி. நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர். கையூட்டுக் கொடுக்க மறுத்ததால் மகளை இழந்தவர். கையூட்டு வாங்கித் தவறிழைத்த மகனைத் தம் கையாலேயே கொன்றவர். அம்மகனுக்கு அவர் வைத்த பெயர் சந்திரபோஸ். இந்த ஒரு பெயரில் அக்கதையின் வலி முழுவதும் அடங்கியிருக்கிறது.

நேதாஜியின் படை வேறெங்கோ நடந்த வரலாறு என்று நாம் கருதிவிட முடியாது. 1943 ஜூலையில் அவர் சிங்கப்பூர் வந்து அப்படையின் தலைமையை ஏற்றபோது, மலாயாவின் தோட்டப்புறங்களிலிருந்து பால்மரம் வெட்டிய தமிழர்கள் திரளாகச் சென்று அதில் சேர்ந்தார்கள். பெண்களுக்கென ஜான்சி ராணிப் படைப்பிரிவு அமைந்தது. அதில் சேர்ந்து கேப்டன் இலட்சுமிக்கு அடுத்த நிலையில் பொறுப்பேற்ற ஜானகி ஆதி நாகப்பன் கோலாலம்பூர்ப் பெண். 1925இல் பிறந்த அவர் 2014இல் மறைந்தார். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல குடும்பங்களில் ‘எங்கள் தாத்தா நேதாஜி படையில் இருந்தார்’ என்னும் சொல் இன்றும் உண்டு. அவர்களுக்குச் சேனாபதி கற்பனைப் பாத்திரம் மட்டுமல்லர். மறைந்துபோன ஒருவரின் நிழல்.

முதல் படம் வந்தபோது இக்கணக்கு சரியாக இருந்தது. 1940களில் இளைஞராக இருந்தவர் 1996இல் எழுபதைத் தாண்டிய முதியவர். அக்காலத்தில் அத்தகைய முதியவர்கள் நம்மிடையே உயிரோடு இருந்தார்கள். ‘இவரை உனக்குத் தெரியுமா?’ என்று திரை கேட்டால், ‘தெரியும், எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்’ என்று சொல்ல முடிந்த காலம் அது.

2024 ஜூலையில் ‘இந்தியன் 2’ வந்தது. சேனாபதி தாய்வானிலிருந்து திரும்பி வந்து மீண்டும் களத்தில் இறங்குகிறார். ஆறாம் ஆண்டு மாணவர் போடக்கூடிய எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 1943இல் ஒருவருக்குப் பதினெட்டு வயது என்று கொண்டாலே 2024இல் அவருக்கு 99 வயது. படையில் சேரும்போதே அதைவிட மூத்தவராக இருந்தவருக்கு நூறு கடந்திருக்க வேண்டும். அவர் இளைஞர்களை அடித்து வீழ்த்துகிறார். விரைந்து தப்பிச் செல்கிறார். வர்மக்கலையும் ஒழுக்கமும் காரணம் என்று இதற்கு விடை சொல்லப்படுவதுண்டு. ‘கதைதானே, ஐயா’ என்றும் சிலர் கூறுவர்.

கதைதான். ஆனால் சேனாபதியின் பெருமையெல்லாம் ஆண்டுக்கணக்கைச் சார்ந்தது. அவர் அந்த ஆண்டில் அங்கே இருந்தார் என்பதே அவர் பேச்சுக்கு வலிமை தருவது. வயதை நீக்கிவிட்டால் அவர் சாட்சி என்னும் தகுதியை இழந்து, வெறும் சண்டைக்காரர் ஆகிவிடுகிறார். அப்படையில் இருந்தோர் ஒவ்வொருவராக மறைந்துவரும் காலத்தில், திரையில் மட்டும் ஒருவர் முதுமையின் விளைவின்றி உலவுவது பிள்ளைக்கு என்ன சொல்லித்தருகிறது? காலம் கடந்துபோகிறது, பெரியவர்கள் மறைவார்கள், அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் பாடம் அங்கே நழுவிப் போகிறது.

வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்பீர்கள். இரண்டு வழிகள் இருந்தன. சேனாபதி மறைந்துவிட்டார் என்பதை ஏற்றுக்கொண்டு, அவர் விட்டுச்சென்ற கொள்கையை ஒரு பேரனோ பேத்தியோ எப்படிச் சுமக்கிறார், அக்கொள்கையில் உள்ள வன்முறையை ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று தொடர்ந்திருக்கலாம். அது நேர்மையான தொடர்ச்சி. அல்லது, இன்றைய இந்தியாவில் இன்றைய முதியவர் ஒருவரை வைத்து, வேறு ஒரு போராட்டத்தில் தொடங்கிய வாழ்வோடு, ‘இந்தியன்’ என்னும் பெயரில் முதலிலிருந்து சொல்லியிருக்கலாம். அது நேர்மையான மறுதொடக்கம். வந்ததோ இரண்டுமற்ற ஒன்று. பழைய பெயரின் பெருமையை எடுத்துக்கொண்டு, அதன் காலத்தைக் கொடுக்க மறுத்தது. மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தையும் படத்தின் முடிவிலேயே காட்டினார்கள்.

எதிர்க்கருத்துகள்

இவ்விடத்தில் சில எதிர்க்கருத்துகளையும் நேர்மையோடு எடுத்துப் பார்ப்பது முறை.

முதலாவது, எல்லாத் தொடர்களுக்கும் இக்கணக்கு வேண்டுமா என்பது. வேண்டியதில்லை. நம் நாட்டின் ‘உப்பின் இப்பின்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் தொடங்கிய அதில் இரட்டையர்கள் இன்றும் பாலர் பள்ளிக் குழந்தைகள்தாம். அவர்களோடு தொடக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அக்கதையில் காலம் நகராது என்பது பார்ப்பவருக்கும் எடுப்பவருக்கும் உள்ள வெளிப்படையான உடன்பாடு. அரண்மனை வரிசையும் ஏறக்குறைய அப்படித்தான். ஒவ்வொரு முறையும் வேறு வீடு, வேறு பேய், வேறு குடும்பம். அங்கே எண் என்பது கடையின் கிளை எண் போன்றது. முந்தைய நிகழ்ச்சிகளின் மீது அது உரிமை கோரவில்லை. உரிமை கோராதவரிடம் கணக்குக் கேட்பது முறையாகாது.

இரண்டாவது, தொடர்ச்சியை மிக இறுக்கமாகக் காத்தால் புதிதாக வருபவருக்குக் கதவு அடைபட்டுவிடும் என்பது. இதில் உண்மை இருக்கிறது. லோகேஷ் கனகராஜின் ‘கைதி’ (2019), ‘விக்ரம்’ (2022), ‘லியோ’ (2023) ஆகியவை ஒரே கதையுலகைச் சேர்ந்தவை. கைதியில் வரும் காவல் அதிகாரி பிஜோய் விக்ரமிலும் வருகிறார். முன்னதைப் பார்க்காதவருக்குப் பின்னதில் சில இடங்கள் விளங்கா. ஆயினும் இதன் நன்மையையும் நான் மறைக்க விரும்பவில்லை. இப்படங்களைப் பற்றி வளர்ந்த மாணவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால், ‘அந்தப் படத்தில் அவர் இப்படிச் சொன்னாரே, அதனால்தான் இங்கே இப்படிச் செய்கிறார்’ என்று காரண காரியத்தோடு வாதிடுகிறார்கள். இப்பயிற்சியைத்தானே கருத்துணர்தல் பாடத்தில் நாம் வருந்தி வருந்தி ஊட்டுகிறோம்? படங்களில் உள்ள வன்முறையும் போதைப்பொருளும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது. ஆனால் கதையை நினைவில் வைத்துப் பார்க்கும் பழக்கம் நல்ல பழக்கமே.

அதே ‘விக்ரம்’ இன்னொன்றையும் காட்டுகிறது. 1986இல் சுஜாதாவின் பங்களிப்போடு வந்த ‘விக்ரம்’ ஓர் ஏவுகணைக் கதை. 2022இல் வந்த படம் அக்கதையைத் தொடரவில்லை. பெயரையும் உளவுப் பணியையும் மட்டும் எடுத்துக்கொண்டது. எண்ணும் போடவில்லை. ஆயினும் கமல்ஹாசனைப் பேரக்குழந்தையைத் தூக்கிக் காக்கும் முதியவராக விட்டது. இளமையில் ஓடியவன் முதுமையில் எதற்காக ஓடுகிறான் என்று கேட்டது. ஒரே நடிகர் நடித்த இரு படங்களில், எண் போட்ட ‘இந்தியன் 2’ காலத்தை மறுத்தது. எண் போடாத ‘விக்ரம்’ காலத்தை ஏற்றது. இதையே நான் சுட்டிக்காட்ட விழைகிறேன்.

மூன்றாவது, மேல்நாட்டார் எல்லாம் மறுதொடக்கம் செய்கிறார்களே என்பது. ஆம், செய்கிறார்கள். ஜேம்ஸ் பாண்ட் பல்லாண்டுகளாக நடிகரை மாற்றி மாற்றி வயதின்றி வாழ்ந்தவர். 2006இல் ‘கேசினோ ராயல்’ அவரை முதலிலிருந்து தொடங்கியது. அவ்வாறு தொடங்கியவர்கள் ஐந்து படங்களில் அவரைக் களைப்படைய விட்டு, 2021இல் இறக்கவும் விட்டார்கள். மறுதொடக்கம் என்றால் விளைவுகளிலிருந்து விடுதலை என்று பொருளில்லை. புதிதாகத் தொடங்கினாலும் தொடங்கிய நாளிலிருந்து கணக்கு ஓடத்தான் செய்யும்.

கபாலி எப்படி முடிந்தது?

நம் மண்ணின் கதையைப் பற்றி ஒன்று கூறாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. 2016 ஜூலையில் பா. இரஞ்சித் இயக்கி ரஜினிகாந்த் நடித்த ‘கபாலி’ வந்தது. மலேசியத் தமிழர் வாழ்வைப் பெரிய அளவில் திரையில் வைத்த படம் அது. அதன் முடிவில் ஒரு துப்பாக்கி ஒலி கேட்கிறது. என்ன ஆயிற்று என்பது பார்ப்பவரின் எண்ணத்துக்கு விடப்படுகிறது. ஆனால் மலேசியத் திரையரங்குகளில் ஓடிய படியில், கபாலி காவல் துறையிடம் சரணடைந்தார் என்னும் வரி முடிவில் சேர்க்கப்பட்டிருந்தது.

ஆக, சென்னையில் பார்த்தவருக்கு ஒரு கபாலி. கிள்ளானில் பார்த்தவருக்கு இன்னொரு கபாலி. நாளை யாரேனும் இக்கதையைத் தொடர முற்பட்டால் எந்த முடிவிலிருந்து தொடர்வார்கள்? சரணடைந்தவர் சிறையிலிருந்து முதியவராக வெளியே வருவதும் ஒரு கதை. சுடப்பட்டவர் மறைந்தபின் அவர் மகள் எஞ்சி நிற்பதும் ஒரு கதை. இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கட்டுப்பட்டு எழுத வேண்டும். ‘எல்லாருக்கும் தெரிந்த கபாலிதானே’ என்று எதுவும் நிகழாதது போல் மீண்டும் கோட்டுப் போட்டு நடக்கவிட்டால், அக்கதையில் நம் மக்கள் பட்டதாகக் காட்டப்பட்ட இழப்புகளுக்கெல்லாம் பொருளில்லாமல் போய்விடும்.

சாத்தனாரும் கம்பரும்

தொடர்ச்சிக்கும் மறுதொடக்கத்துக்கும் நம்மிடம் சிறந்த முன்மாதிரிகள் உள்ளன. மேல்நாட்டைப் பார்த்துக் கற்க வேண்டிய நிலையில் நாம் இல்லை.

சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இரட்டைக் காப்பியங்கள் என்று வகுப்பில் சொல்லித்தருகிறோம். அச்சொல்லுக்குள் இருக்கும் துணிவை நாம் போதிய அளவு விளக்குவதில்லை என்று எண்ணுகிறேன். கோவலன் மதுரையில் கொல்லப்பட்டான். சீத்தலைச் சாத்தனார் அவனை உயிர்ப்பித்து அழைத்து வந்திருக்கலாம், மக்களும் மகிழ்ந்திருப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. அம்மரணத்தை ஏற்றுக்கொண்டு, எஞ்சியவர்களைப் பார்த்தார். மாதவி என்ன ஆனாள்? அவள் மகள் என்ன ஆனாள்? தந்தையின் கொலையும் தாயின் துறவும் அப்பெண்ணை எங்கே கொண்டு சேர்த்தன? அவ்வினாவிலிருந்து அமுதசுரபி பிறந்தது. பசிப்பிணி தீர்க்கும் அறம் பிறந்தது. முதல் கதையின் இழப்பை மதித்ததால் இரண்டாம் கதைக்குத் தனிப் பெருமை கிடைத்தது. தொடர்ச்சிக்கு இலக்கணம் இது.

கம்பர் செய்தது வேறு. வான்மீகியின் கதையை அவர் தொடரவில்லை. மீண்டும் முதலிலிருந்து சொன்னார். சொல்லும்போது தமிழ் மரபுக்கேற்ப மாற்றினார். வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பரிலோ அவளைத் தீண்டாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான். இது சிறிய மாற்றமன்று. ஆயினும் வான்மீகியின் கதையை அவர் மறைக்கவில்லை. முன்னோர் சொன்ன கதையைத்தான் தாம் சொல்வதாக வெளிப்படையாகவே கூறினார். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இரு நூல்களும் வாழ்கின்றன. மறுதொடக்கத்துக்கு இலக்கணம் இது.

எனவே, ‘தொடர்வதா, புதிதாகத் தொடங்குவதா?’ என்று என்னைக் கேட்டால், இரண்டும் நம்முடையவையே என்பேன். சொல்ல வருவது புதிய காலத்தின் செய்தி என்றால் துணிந்து புதிதாகத் தொடங்குங்கள். பழைய கதையின் மாந்தர்மீது அன்பு இருந்தால் தொடருங்கள். ஆனால் அவர்கள் மூப்படையவும் இறக்கவும் இடங்கொடுங்கள். ஒருவர் பெயரை எடுத்துக்கொண்டு அவர் வாழ்வை மறுப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

வகுப்பறையிலும் வீட்டிலும்

இதனால் நமக்கென்ன என்று ஆசிரியர்களும் பெற்றோர்களும் கேட்கலாம். கதையின் தொடக்கத்தைக் கொடுத்துத் தொடர்ந்து எழுதச் சொல்லும் பயிற்சியை நாம் அனைவரும் வகுப்பில் நடத்துகிறோம். முதல் பத்தியில் கால் முறிந்த சிறுவன் மூன்றாம் பத்தியில் பந்து விளையாடுவதை நீங்களும் திருத்தியிருப்பீர்கள். முதல் பத்தியில் இறந்துபோன பாட்டி கடைசியில் வந்து பலகாரம் கொடுப்பதும் உண்டு. இது பிள்ளையின் குற்றமன்று. அவன் பார்த்த கதைகள் அவனுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கின்றன. எழுதிய வரிக்குப் பிந்திய வரி கட்டுப்பட வேண்டும் என்பதை அவனுக்கு நாம்தாம் உணர்த்த வேண்டும்.

அதற்காகப் படத்தைத் தடைசெய்ய வேண்டியதில்லை. பிள்ளையின் வயதுக்கேற்ற படமாக இருந்தால், பார்த்து முடித்தபின் மூன்று வினாக்களைக் கேளுங்கள்.

1. முந்தைய கதைக்கும் இந்தக் கதைக்கும் இடையே எத்தனை ஆண்டுகள்? அவ்வாண்டுகளில் இவர்களுக்கு என்ன நேர்ந்திருக்கும்?

2. முன்பு இழந்ததை இவர் நினைவில் வைத்திருக்கிறாரா? எந்தச் செயலில் அது தெரிகிறது?

3. இக்கதையை நீ எழுதினால், தொடர்ந்து எழுதுவாயா, முதலிலிருந்து எழுதுவாயா? ஏன்?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து வீடு திரும்பும் வழியில், சாலை நெரிசலில் வண்டி நிற்கும் நேரத்திலேயே இவற்றைப் பேசிவிடலாம். மூன்றாம் வினாவுக்குப் பிள்ளை சொல்லும் விடையைத் தாளில் எழுதச் சொன்னால், அதுவே ஒரு நல்ல கட்டுரையாகிவிடும்.

இயன்றால் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘நம் வீட்டுப் பாட்டி தாத்தாவின் கதை எந்த ஆண்டில் தொடங்கியது?’ எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், எப்போது பட்டணம் வந்தார்கள், யாரை எங்கே இழந்தார்கள் என்று பிள்ளைகள் அவர்களிடமே கேட்டு எழுதட்டும். அக்கதைக்கு மறுதொடக்கம் கிடையாது. தொடர்ந்து எழுதப்போகிறவர்கள் நம் பிள்ளைகளே. அவர்கள் கணக்குத் தெரிந்து எழுத வேண்டும் என்பதே என் விழைவு.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியர்